ஸ்டென்ட்டும் ஒரு வகுத்தல் கணக்கும்

சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணி. உடுமலையிலிருந்து வந்த பஸ் அமராவதி நகரில் நின்று, பைகளோடு பத்துப் பதினைந்து பேரை இறக்கிவிட்டுப் போகிறது. அதில் இறங்கியவள் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறாள். வாரம் ஒருமுறைதான் வீட்டுக்கு வருவாள். வழக்கமாக வந்ததும் "அம்மா, பசிக்குது" என்பவள், அன்றைக்குச் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "ஏப்பா, போன வாரம் எடுத்த பிளட் ரிப்போர்ட்டை எங்கப்பா வெச்சிருக்கீங்க?"

"எதுக்கு கண்ணு? டாக்டரு பாத்துட்டாரே."

"இல்லப்பா, சும்மாதான்."

சும்மா இல்லை. பஸ்ஸில் வரும்போது செல்போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தாள். ரத்த ரிப்போர்ட்டில் ஒரு எண்ணை இன்னொரு எண்ணால் வகுத்தால் போதுமாம், வைத்த ஸ்டென்ட் மறுபடி அடைக்குமா அடைக்காதா என்று தெரிந்துவிடுமாம். விடை மூன்றுக்கு மேலே போனால் ஆபத்தாம். அலமாரியில் ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் இருந்த ரிப்போர்ட்டை எடுத்தாள். நியூட்ரோஃபில் 78. லிம்ஃபோசைட் 15. வகுத்தாள். 5.2 என்று வந்தது. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இந்தக் குடும்பம் கற்பனைதான். ஆனால், இவர்களைப் போன்றவர்கள் உடுமலை, தாராபுரம், பல்லடம் பஸ்களில் தினமும் போய்வந்து கொண்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு 56 வயது. திருப்பூரில் 25 வருடம் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். சர்க்கரை உண்டு. எட்டு மாதத்துக்கு முன்னால் நெஞ்சு வலி வந்து, கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய், இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதிலிருந்து வீட்டோடு இருக்கிறார். காலையில் அணைப் பக்கம் நடைப்பயிற்சி. நாலு வேளை மாத்திரை.

அந்த வீடியோ சொன்னது முழுப் பொய் இல்லை, அதுதான் சிக்கல். முழுப் பொய் என்றால் ஒதுக்கிவிட்டுப் போகலாம். இதில் முக்கால்வாசி நிஜம் இருக்கிறது. அந்த நிஜம் எது, அது எங்கே நின்றுவிடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

விரித்த ரத்தக்குழாய் மறுபடி சுருங்குவது, ஆஞ்சியோபிளாஸ்டி பிறந்த நாளிலிருந்தே கூடவே வரும் தொல்லை. 1977 செப்டம்பர் 16 அன்று, சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக் என்ற டாக்டர், 38 வயது அடால்ஃப் பாக்மன் என்பவரின் இதய ரத்தக்குழாய்க்குள் ஒரு குட்டி பலூனைச் செலுத்தி, ஊதி, அடைப்பை விரித்தார். நெஞ்சைப் பிளக்காமல் செய்த முதல் சிகிச்சை. பத்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் பாக்மனின் குழாய் திறந்தே இருந்தது. அவர் கொடுத்து வைத்தவர். பின்னால் பலூன் சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, ஆறு மாதத்துக்குள் அதே இடம் மறுபடி சுருங்கியது.

அந்தக் குரூன்ட்சிக்கிடம் அமெரிக்காவின் அட்லாண்டாவில் பயிற்சி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தவர்தான், இந்திய ஆஞ்சியோபிளாஸ்டியின் தந்தை என்று பெயர் வாங்கிய டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல். 1980-களின் நடுவில் சென்னையில் இந்தச் சிகிச்சையைத் தொடங்கினார். 2025 ஏப்ரலில் சென்னையிலேயே காலமானார். இன்றைக்கு கோவையிலும் மதுரையிலும் மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டு, மறுநாளோ அதற்கடுத்த நாளோ வீட்டுக்கு அனுப்புகிறார்களே, அந்த வரிசையில் முன்னால் நின்றவர் அவர்.

வெறும் பலூன் போதாது என்றுதான் 1986-ல் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் உலோக வலையை, அதாவது ஸ்டென்ட்டை, குழாய்க்குள் நிறுத்திப் பார்த்தார்கள். அதனால் சுருக்கம் குறைந்தது, ஆனாலும் நாலைந்து பேரில் ஒருவருக்குத் தொல்லை திரும்பி வந்தது. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஸ்டென்ட் சுருங்குவதில்லை, துருப்பிடிப்பதும் இல்லை. கம்பி வேலி நின்ற இடத்தில் அப்படியே நிற்கிறது, கோவைக்கொடி அதன் மேல் படர்ந்து அடைத்துவிடுகிறது. கொடி என்று இங்கே சொல்வது குழாய்ச் சுவரின் தசை செல்களை. பலூன் ஊதும்போது குழாயின் உள்தோல் கிழிகிறது. உடம்புக்கு அது ஒரு காயம். காயத்தை ஆற்றுகிறேன் என்று கிளம்பும் உடம்பு, சிலருக்கு அளவு தெரியாமல் ஆற்றிவிடுகிறது. கையில் வெட்டுப்பட்ட இடம் சிலருக்குத் தழும்பே தெரியாமல் ஆறும், சிலருக்குத் தடித்துப் போகும் இல்லையா, அதே கதைதான்.

இந்தக் கொடியை வளரவிடாமல் தடுக்கும் மருந்தைத் தடவிய ஸ்டென்ட்டை 1999-ல் பிரேசிலின் சாவோ பாலோவில் முதன்முதலாக நோயாளிக்கு வைத்தார்கள். மருந்தின் பெயர் சிரோலிமஸ். அதன் பூர்வீகம் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். பசிபிக் கடலில் பெரிய பெரிய கல் சிலைகள் நிற்கிற ஈஸ்டர் தீவின் மண்ணை 1964-ல் ஒரு கனடா குழு எடுத்து வந்தது. அந்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிதான் இந்த மருந்தைச் சுரந்தது. அதைக் கண்டுபிடித்த குழுவை நடத்தியவர் சுரேந்திரநாத் சேகல் என்ற இந்திய வம்சாவளி விஞ்ஞானி. 1980-களில் கம்பெனி மான்ட்ரியல் ஆய்வகத்தை மூடி, அந்த ஆராய்ச்சியையும் நிறுத்தியபோது, அவர் நுண்ணுயிரியைக் கொஞ்சம் எடுத்து வந்து தன் வீட்டு ஃப்ரீசரில் பத்திரமாக வைத்திருந்தார். வீட்டில் யாராவது "இது என்ன?" என்று தூக்கிக் கொட்டியிருந்தால் கதை வேறு. அந்த மருந்தும் அதன் குடும்பத்து மருந்துகளும்தான் இன்று உலகம் முழுக்க ஸ்டென்ட்டின் மேல் இருக்கின்றன. மறு சுருக்கம் பத்தில் ஒருவருக்கும் கீழே இறங்கியது. சர்க்கரை உள்ளவர்களுக்கும், மெல்லிய குழாய் உள்ளவர்களுக்கும், நீளமான ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் அதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

பத்தில் ஒருவர் என்பது சிறிய எண்தான். அந்த ஒருவர் நம் வீட்டுக்காரராக இருந்தால் சிறியதில்லை. அது யார் என்று முன்கூட்டியே தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று டாக்டர்களும் ஏங்கினார்கள். அந்த ஏக்கத்தில் பிறந்ததுதான் இந்த வகுத்தல் கணக்கு.

சிபிசி என்று லேபில் எழுதித் தருகிற பரிசோதனை மிகச் சாதாரணமானது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுப்பார்கள். அதில் டோட்டல் கவுண்ட் என்பது வெள்ளை அணுக்களின் மொத்த எண்ணிக்கை. அதற்குக் கீழே டிஃபரன்ஷியல் கவுண்ட் என்று, அந்த வெள்ளை அணுக்களில் எந்த ரகம் எத்தனை சதவீதம் என்று இருக்கும். நியூட்ரோஃபில் என்பது முதல் ஆளாக ஓடி வரும் ரகம். எங்கே காயம், எங்கே கிருமி என்றாலும் முன்னால் நிற்கும். ரத்தத்தில் அதன் ஆயுள் ஒரு நாளுக்கும் குறைவுதான். லிம்ஃபோசைட் நிதானமான ரகம். ஆளைப் பார்த்து, ஞாபகம் வைத்து வேலை செய்யும். உடம்பு நெருக்கடியில் இருக்கும்போது முதல் ரகம் ஏறும். அதே நெருக்கடியில் சுரக்கிற கார்டிசால் என்ற ஹார்மோனால் இரண்டாவது ரகம் இறங்கும். ஒன்றை மற்றதால் வகுத்தால், உடம்பு எவ்வளவு கொதிப்பில் இருக்கிறது என்று ஒரே எண்ணில் தெரியும். தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளுக்கு இதைப் பார்க்கலாம் என்று 2001-ல் ஸ்லோவாக்கியா நாட்டு டாக்டர் ரோமன் சாகொரெக் எழுதினார். இதே பாணியில் பிளேட்லெட்டை லிம்ஃபோசைட்டால் வகுக்கும் கணக்கும் உண்டு.

ஸ்டென்ட்டில் கொடி படர்வதும் ஒரு வகைக் கொதிப்புதானே என்று இதய டாக்டர்கள் யோசித்தார்கள். துருக்கியிலிருந்தும் சீனாவிலிருந்தும் ஆய்வுகள் வரிசையாக வந்தன. ஸ்டென்ட் வைக்கும் முன்பு எடுத்த ரத்த ரிப்போர்ட்டையும் பிறகு எடுத்த ஆஞ்சியோகிராமையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விகிதம் கூடுதலாக இருந்தவர்களிடம் மறு சுருக்கமும் கூடுதலாக இருந்தது. ஒன்றிரண்டு ஆய்வில் அல்ல, பல ஆய்வுகளில் அப்படி வந்தது. கொதிப்புக்கும் இதயத்துக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு வேறு பெரிய சாட்சியும் இருக்கிறது. மாரடைப்பு வந்த 10,000-க்கும் மேற்பட்டோரை வைத்துச் செய்து 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், கொழுப்பை ஒரு புள்ளிகூடக் குறைக்காமல் கொதிப்பை மட்டும் அடக்கும் ஊசி போட்டார்கள். அதிலேயே அடுத்த மாரடைப்புகள் குறைந்தன. ஆக, மகள் பார்த்த வீடியோவின் முக்கால்வாசி நிஜம் இதுதான்.

மீதிக் கால்வாசிதான் ஆளைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னாள். அம்மா அழவில்லை, "திங்கக்கிழம உடுமலைக்குப் போயி நம்ம டாக்டர்கிட்டக் கேட்டுப் போடலாம், நீயும் லீவு சொல்லிப்போட்டு வா" என்றாள். இந்த மாதிரி நேரத்தில் அம்மாக்களின் புத்தி தனி.

உடுமலை டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். மகள் செல்போனில் போட்டு வைத்திருந்த கணக்கையும் பார்த்தார்.

"கணக்கு சரிதான் அம்மிணி. இந்த ரிப்போர்ட் எடுத்தன்னைக்கு அப்பாவுக்கு என்ன பண்ணுச்சு?"

"பல்லு வலிங்க சார். தாடை வீங்கிப் போச்சு. அதுக்குத்தான் ரத்தம் எடுக்கச் சொன்னாங்க."

"அப்பறம் நியூட்ரோஃபில் ஏறாம என்ன பண்ணும்?"

ஈறில் சீழ் கட்டினால் ஏறும். காய்ச்சல், சளி, சிறுநீர்த் தொற்று எதற்கும் ஏறும். ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டால் ஏறும். பீடி சிகரெட் பிடிப்பவர்களுக்குப் பொதுவாகவே ஏறி நிற்கும். மாரடைப்பு வந்த நாளில் யாருக்கு எடுத்தாலும் ஏறித்தான் இருக்கும். காய்ச்சல் வந்த வாரத்து ரிப்போர்ட்டை வைத்து ஸ்டென்ட்டின் ஜாதகம் பார்ப்பது, சாயப்பட்டறையிலிருந்து ஈரமாக வந்த துணியைத் தராசில் போட்டு ஜிஎஸ்எம் பார்க்கிற மாதிரி. எடை காட்டும், ஆனால் அது துணியின் எடை இல்லை.

"சரிங்க சார், பல்லு செரியான பின்னாடி எடுத்தும் மூணுக்கு மேல இருந்தா?" மகள் விடவில்லை.

டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ மெர்ச்சண்டைசர்தானே, ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் பார்த்திருப்பியே" என்றார். அதற்குப் பிறகு விளக்க வேண்டிய வேலையை அவளே பாதி செய்துகொண்டாள்.

திருப்பூரில் இது தெரியாதவர் குறைவு. 1,000 பீஸ் டி-ஷர்ட் பேக்கிங் முடிந்து நிற்கிறது. இன்ஸ்பெக்ஷனுக்கு வருபவர் 1,000-ஐயும் பிரிப்பதில்லை. நடைமுறையில் உள்ள அட்டவணைப்படி 80 பீஸை உருவுவார். ஏக்யூஎல் 2.5 என்று பையர் கேட்டிருந்தால், 80-ல் 5 பீஸ் வரை டிஃபெக்ட் இருந்தால் லாட் பாஸ். 6 என்றால் ஃபெயில். ஃபெயில் ஆன லாட்டிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு பீஸை எடுத்தால் அது கிழிந்த பீஸாகத்தான் இருக்குமா? பெரும்பாலும் நல்ல பீஸாகவே இருக்கும். பாஸ் ஆன லாட்டிலிருந்து எடுத்தால் நல்லதாகத்தான் இருக்குமா? அதற்கும் உத்தரவாதம் இல்லை. அந்த எண் லாட்டைப் பற்றிப் பேசுகிறது, கையில் இருக்கிற பீஸைப் பற்றி அல்ல.

ரத்த விகிதமும் இப்படித்தான். ஆய்வுகள் லாட்டைப் பார்த்துச் சொன்னதை வீடியோக்காரர் பீஸின் மேல் ஒட்டிவிட்டார்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். ஸ்டென்ட் வைத்த 100 பேர். அவர்களில் 10 பேருக்கு மறுபடி சுருங்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். விகிதம் அந்த 10 பேரில் 8 பேரைச் சரியாகப் பிடித்துவிடுகிறது, சுருங்காத 90 பேரில் கால்வாசியைத் தவறாகப் பிடித்துவிடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். பரிசோதனைகளின் உலகில் இது ஒன்றும் மட்டமான மார்க் இல்லை. ஆனால், கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 30 பேரிடம் "ஆபத்து" என்று சொல்லியிருப்போம். அதில் 22 பேருக்கு ஒன்றுமே ஆகப் போவதில்லை. அந்த 22 வீடுகளிலும் ஒரு மகள் திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். பிடிபடாமல் போன 2 பேரோ, "நமக்கு ஒன்றுமில்லை" என்று நிம்மதியாகத் தூங்குவார்கள்.

எந்த எண்ணுக்கு மேலே போனால் ஆபத்து என்பதிலும் ஆய்வுக்கு ஆய்வு வித்தியாசம் உண்டு. பெரும்பாலானவை ஒரே மருத்துவமனையின் பழைய ஃபைல்களை எடுத்துப் பார்த்தவை. இந்த விகிதத்தைப் பார்த்து ஸ்டென்ட் நோயாளியின் மாத்திரையை மாற்று, ஆஞ்சியோகிராம் எடு என்று பெரிய இதயநோய் சங்கங்கள் எதுவும் சொல்லவில்லை. கொதிப்பைக் குறைக்கும் மாத்திரை இருக்கிறதாமே என்று மெடிக்கலில் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது இன்னும் மோசம். கீல்வாதத்துக்கான பழைய மருந்தான கோல்சிசினைக் குறைந்த அளவில் இதய நோயாளிகளில் சிலருக்குக் கொடுக்கிறார்கள் என்பது உண்மைதான். அது டாக்டர் சிறுநீரகத்தையும் மற்ற மாத்திரைகளையும் பார்த்துவிட்டுக் கொடுப்பது.

பல் விஷயத்தில் இன்னொன்றும் நடந்திருந்தது. பல்லைப் பிடுங்க வேண்டும் என்றதும் பக்கத்து வீட்டுக்காரர், "ரத்தத்தை மெலிசாக்கற மாத்திரைய ஒரு வாரம் நிறுத்திப்போட்டுப் போங்க மாப்ளே, இல்லாட்டி ரத்தம் நிக்காது" என்று சொல்லியிருந்தார். நல்ல வேளை, அம்மா மாத்திரை டப்பாவைக் கையில் விடவில்லை. டாக்டர் இதைக் கேட்டதும்தான் அன்றைக்கு முதல்முறையாக முகம் மாறினார். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இரண்டு ஆபத்துகள் உண்டு. இரண்டையும் மக்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, மாதக்கணக்கில் மெதுவாகக் கொடி படர்வது. இன்னொன்று, ஸ்டென்ட்டுக்குள் திடீரென்று ரத்தம் உறைந்து மணி நேரத்தில் அடைத்துவிடுவது. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும், அல்லது அதன் இடத்தில் கொடுக்கும் டிகாக்ரெலாரும், இரண்டாவதைத் தடுக்கத்தான். மாரடைப்புக்காக ஸ்டென்ட் வைத்தால் வழக்கமாக ஒரு வருடம் வரை இரண்டு மாத்திரையும் சேர்ந்து போகும். நடுவில் தானாக நிறுத்தினால் வருவது உயிரோடு விளையாடும் ரகம். பல் பிடுங்குவதைப் பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தாமலே செய்துவிடலாம். ரத்தம் கொஞ்ச நேரம் கூடுதலாகக் கசியும், பஞ்சை வைத்து அழுத்தினால் நிற்கும். நிறுத்துவதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவர் ஸ்டென்ட் வைத்த டாக்டர்.

மூன்று வாரம் கழித்து, பல் பிரச்னை தீர்ந்த பிறகு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். நியூட்ரோஃபில் 62. லிம்ஃபோசைட் 29. மகள் லேப் வாசலிலேயே வகுத்தாள். 2.1. அவள் முகத்தில் சிரிப்பு. "அவ்வளவுதாம்ப்பா, ஒண்ணுமில்ல" என்றாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் பலருக்கும் பிடித்திருக்கும். டாக்டர் முடிக்க விடவில்லை. ரிப்போர்ட்டை மடித்து ஓரமாக வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்க மாஸ்டர், இப்பவும் அணைக்கு நடக்கப் போறீங்களா?"

"போறனுங் சார்."

"படி ஏறி மேல போறீங்களா?"

அமராவதி அணையின் மேலே போவதற்குச் செங்குத்தான படிகள் உண்டு. ஏறி நின்றால் ஒரு பக்கம் நீரும் ஆனைமலையும், இன்னொரு பக்கம் பச்சை வயலுமாகத் தெரியும். ஸ்டென்ட் வைத்த மூன்றாம் மாதத்திலிருந்து மெதுவாக ஏறிக்கொண்டிருந்தவர் அவர்.

"முன்ன மாதிரி ஒரே மூச்சா ஏற முடியறதில்லீங் சார். பாதிப் படியில கேஸ் வந்து நெஞ்சை அடைக்குது. ரெண்டு நிமிசம் நின்னாச் செரியாப் போயிருதுங்."

"எவ்வளவு நாளா?"

"ஒரு மாசம் இருக்குமுங்."

அம்மா திரும்பிப் பார்த்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே?"

"கேஸ்தானே புள்ள, அதையெல்லாம் சொல்லிட்டு..."

டாக்டர் பேனாவை எடுத்துக்கொண்டார். "படி ஏறினா வந்து, நின்னாப் போறது கேஸ் இல்லீங்க மாஸ்டர்."

சுருங்கிய குழாய் பெரும்பாலும் இப்படித்தான் பேசும். உட்கார்ந்திருக்கும்போது இதயத்துக்குத் தேவையான ரத்தம் சிறு சந்து வழியாகக்கூடப் போய்விடும். ஏறும்போது, பாரம் தூக்கும்போது, சாப்பிட்டுவிட்டு வேகமாக நடக்கும்போது பற்றாது. அப்போது அடைப்பு, பாரம், மூச்சு வாங்கல், தாடையிலோ இடது கையிலோ ஒரு இழுப்பு. நின்றால் போய்விடும். சர்க்கரைக்காரர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் மூச்சு வாங்கலாக, அசதியாக வரலாம். பெண்களுக்கும் அப்படித்தான். அதனால்தான் "கேஸ்" என்ற சொல்லுக்குப் பின்னால் நம் ஊரில் இத்தனை இதயங்கள் ஒளிந்துகொண்டிருக்கின்றன.

டிரெட்மில் பரிசோதனையில் மாற்றம் தெரிந்தது. கோவைக்குப் போனார்கள். ஆஞ்சியோகிராமில் ஸ்டென்ட்டின் ஒரு முனைக்குப் பக்கத்தில் குழாய் நன்றாகவே சுருங்கியிருந்தது. ஸ்டென்ட்டுக்குள்ளோ அதன் இரு முனைகளிலிருந்து 5 மில்லிமீட்டருக்குள்ளோ பாதிக்கு மேல் குறுகியிருந்தால் அதை மறு சுருக்கம் என்கிறார்கள். ஏன் சுருங்கியது என்று பார்க்க, மயிரிழை போன்ற கம்பியின் முனையில் ஒளியை வைத்துக் குழாயின் உள்ளே படம் எடுத்தார்கள். அந்த இடத்தில் சுண்ணாம்பு கட்டியாகப் படிந்திருந்தது. அது தடுத்ததால் எட்டு மாதம் முன்பு வைத்த ஸ்டென்ட் அந்த முனையில் முழுதாக விரியவே இல்லை. விரியாத இடத்தில் கொடி படர்ந்துவிட்டது.

ஸ்டென்ட் முழுதாக விரியாமல் நிற்பது மறு சுருக்கத்துக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. எந்த வெள்ளை அணு விகிதமும் இதைச் சொல்லியிருக்க முடியாது. ரத்தம் உடம்பு முழுக்க ஓடுகிறது, அந்த ஒரு முனையோ மூன்று மில்லிமீட்டர் அகலக் குழாயில் ஓர் ஓரத்தில் இருக்கிறது. 2.1 என்ற நல்ல எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் அமராவதி நகருக்குத் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மகள் பிறகு பலமுறை நினைத்துக்கொண்டாள். 5.2 வந்ததற்கு அழுததைவிட, 2.1 வந்ததற்குச் சிரித்ததுதான் அவளை அதிகமாக உறுத்தியது.

உயர் அழுத்த பலூனால் அந்த இடத்தை முழுதாக விரித்து, பிறகு மருந்து தடவிய பலூனை ஒரு நிமிடம் ஊதி வைத்து எடுத்தார்கள். புதிதாக இன்னொரு ஸ்டென்ட் தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தாலும் 2017 பிப்ரவரியில் மத்திய அரசு விலைக்கு உச்சவரம்பு போட்ட பிறகு ஸ்டென்ட்டின் விலை பழைய நிலவரத்தில் இல்லை. அன்று மருந்து தடவியதற்கு ரூ.29,600, தடவாததற்கு ரூ.7,260 என்று நிர்ணயித்தார்கள். வருடா வருடம் கொஞ்சம் மாறும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையும் அம்மாவின் பையில் இருந்தது. ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் ரிப்போர்ட்டை வைக்கிற வீடு அது, அட்டையைத் தொலைக்குமா?

டிஸ்சார்ஜ் அன்று இதய டாக்டரிடம் மகள் தயங்கித் தயங்கி அந்த விகிதத்தைப் பற்றிக் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. "அது குப்பை இல்லம்மா. எங்களுக்கும் ஆர்வம் இருக்கு. இன்னும் பெரிய ஆய்வுகள் வரட்டும். அதுவரைக்கும் அப்பாவோட மூணு மாச சர்க்கரை அளவு எவ்வளவுன்னு சொல்லு" என்றார். 8.4. "அதை ஏழுக்குப் பக்கத்துல கொண்டு வர்றதுதான் இந்தக் குழாய்க்கு நீ செய்யற பெரிய உதவி" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மகள் வேலையில் எல்லாவற்றுக்கும் எக்ஸெல் ஷீட் போட்டுப் பழகியவள். அப்பாவுக்கும் ஒன்று போட்டிருக்கிறாள். தேதி, வெறும் வயிற்றில் சர்க்கரை, பிரஷர், மாத்திரை எத்தனை மீதி இருக்கிறது என்று வரிசையாக இருக்கிறது. விகிதத்துக்கும் ஒரு கட்டம் உண்டு, அதை அழிக்க மனம் வரவில்லை. வருடத்துக்கு ஒருமுறை நிரப்புவாளாக இருக்கும். கடைசியில் புதிதாகச் சேர்த்த கட்டத்தை நிரப்புவது அம்மாவின் பொறுப்பு. அணைப் படியில் அப்பா எங்காவது நின்றாரா, நின்றால் எத்தனையாவது படியில் என்பது. அம்மாவுக்குச் செல்போனில் எழுத வராது. ராத்திரி போனில் சொல்லுவாள்.

"இன்னைக்கு நிக்கலம்மிணி. கீழ எறங்கி வந்து டீக்கடையிலதான் நின்னாரு. சர்க்கரை இல்லாமத்தான் குடிச்சேங்கறாரு, அதைக் கடைக்காரன்கிட்டத்தான் கேக்கோணும்."